பாட்டு நோட்டு வேண்டும், இம்போசிஷன் வேண்டாம்!



தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில் நின்று ஒரு நிமிஷம் இதைப் படிக்கிறவர்களுக்காக, சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் நமக்குப் பிடித்த ஆங்கிலக் கவிதைகளை நம் கையாலேயே பார்த்து எழுத வேண்டும். அதே சமயம், மனப்பாடம் ஒப்பிக்காததற்குத் தண்டனையாக ஒரு கவிதையைப் பத்து தடவை எழுதச் சொல்லும் இம்போசிஷனை நிறுத்த வேண்டும்.

"ரெண்டுமே பார்த்து எழுதுறதுதானே, இதுல என்ன வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இம்போசிஷன் எழுதும் கலை

இம்போசிஷன் எப்படி எழுதுவோம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது என நினைக்காதீர்கள். அவர்களும் மாணவர்களாக இருந்தவர்கள்தானே! முதல் வார்த்தையை மேலிருந்து கீழே பத்து தடவை எழுதுவோம். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இரண்டாவது வார்த்தை, மேலிருந்து கீழே பத்து தடவை. சுவருக்கு செங்கல் அடுக்குகிற மாதிரி. இன்னும் கெட்டிக்காரர்கள் இரண்டு பேனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒரே நேரத்தில் இரண்டு வரி எழுதிவிடுவார்கள். முன்பு நான் படித்த ஒரு பள்ளியில் ஒரு மாணவன் மூன்று பேனா கட்டினான். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம்தான் இது.

பத்து தடவை எழுதி முடித்த பிறகு அவனிடம், "டேய், அந்தப் பாட்டு எதைப் பத்திடா?" என்று கேட்டேன். "ஏதோ பறவைன்னு நினைக்கிறேன்" என்றான். அது மரத்தைப் பற்றிய கவிதை!

இதில் அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படி எழுதும்போது கவிதை கை வழியாக மட்டும்தான் போகிறது. கண்ணுக்கும் மனசுக்கும் அதில் வேலையே இல்லை. போதாக்குறைக்கு, அதற்குப் பிறகு அந்தக் கவிதையைப் பார்த்தாலே கை வலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. எழுதிய கவிஞர் என்ன பாவம் செய்தார்? நம்மை மாதிரி தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏற்கனவே ஆங்கிலம் என்றால் கொஞ்சம் பயம். அந்த பயத்தோடு தண்டனையையும் சேர்த்தால், ஆங்கிலம் என்பது அடி வாங்குகிற பாடம் என்றே மனதில் பதிந்து போகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒரு மதிப்பெண் போனால் அடுத்த தேர்வில் எடுத்துவிடலாம். வெறுப்பு வந்துவிட்டால் அதைப் போக்க எத்தனை வருஷம் ஆகும்?

உரக்கடை டைரியில் 47 பாட்டு

எங்க அக்கா ஒரு டைரி வைத்திருக்கிறது. அப்பாவுக்கு உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த 2009-ஆம் வருஷத்து டைரி. அட்டையில் யூரியா மூட்டை படம் இருக்கும். உள்ளே முழுக்க ஆங்கிலக் கவிதைகள். எண்ணிப் பார்த்தேன், 47 இருக்கிறது.

அக்காவும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில்தான் பன்னிரண்டாவது முடித்தது. அந்தக் கவிதைகளை எங்கிருந்து எடுத்தது? கொஞ்சம் நம்ம பாடப் புத்தகங்களிலிருந்து. கொஞ்சம் சீனியர் அக்காமார்கள் கொடுத்த பழைய சிலபஸ் புத்தகங்களிலிருந்து. கொஞ்சம் பெரம்பலூர் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது. பொங்கல் வாழ்த்து அட்டையிலும் தினசரி காலண்டரிலும் வந்த நாலு வரி ஆங்கிலப் பாட்டுகளைக்கூட விடவில்லை. கவிதை நீல மையில், கவிஞர் பெயர் சிவப்பு மையில், ஓரத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம்.

அந்தப் பென்சில் எழுத்துதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேர்ட்ஸ்வொர்த் எழுதிய டாஃபடில்ஸ் கவிதை நம்மில் பலருக்குத் தெரியும். ஏரிக்கரை ஓரம் கூட்டம் கூட்டமாகப் பூத்த மஞ்சள் பூக்களைப் பற்றியது. அந்தப் பூவை நம்ம பெரம்பலூர் பக்கம் யார் பார்த்திருக்கிறார்கள்? அக்கா அதன் ஓரத்தில் எழுதியிருப்பது இதுதான்: "நம்ம ஊர்ல ரோட்டோரம் ஆவாரம்பூ மொத்தமா பூத்திருக்குமே, அது மாதிரி நினைச்சுக்கணும்." எந்த கைடிலும் இந்த அர்த்தம் கிடைக்காது. ஏனென்றால் இது அக்காவே யோசித்துக் கண்டுபிடித்தது.

அந்தக் கவிதைக்குப் பின்னாலும் ஒரு நோட்டு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் நடந்து போகும்போது அந்தப் பூக்களைப் பார்த்தார்கள். டோரதி அன்றைய நாளைத் தன் நாட்குறிப்பில் விவரமாக எழுதி வைத்தார். அண்ணன் கவிதை எழுதியது அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். அச்சில் வந்தது 1807-இல். உலகமெல்லாம் படிக்கிற ஒரு கவிதைக்கு முன்னால் ஒரு தங்கையின் கையெழுத்து நோட்டு இருந்திருக்கிறது!

"பாட்டு எழுதினதால உனக்கு மார்க் கூடுச்சாக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பெருசா கூடல" என்று உண்மையைச் சொன்னது. அப்புறம் சொன்னது: "ஆனா முன்னாடி இங்கிலீஷ்ல தெரியாத வார்த்தை வந்தா அப்படியே தாண்டி ஓடிடுவேன். எழுத ஆரம்பிச்ச பிறகு நின்னு பார்க்கப் பழகிட்டேன்." இப்போது அக்கா திருச்சியில் நர்ஸாக இருக்கிறது. மருந்துச் சீட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் தாண்டி ஓட முடியுமா? நின்று பார்க்கத்தானே வேண்டும்.

லாகூர் சிறையில் ஒரு நோட்டு

"இதெல்லாம் பொம்பளப் பிள்ளைங்க பொழுதுபோக்கு" என்று பசங்க சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அவர்களுக்காக ஒருவரைச் சொல்கிறேன். பகத்சிங்!

நாம் படத்தில் பார்க்கிற பகத்சிங் தொப்பியும் மீசையுமாக இருப்பார். அவர் கையில் துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் லாகூர் சிறையில் அவர் கையில் இருந்தது ஒரு நோட்டு. 1929 செப்டம்பர் 12 என்று தேதி போட்டு, 404 பக்கம் என்று குறித்து அவருக்குக் கொடுக்கப்பட்ட நோட்டு. அப்போது அவருக்கு 22 வயது நிறையும் நேரம். நம்மைவிட நாலைந்து வயதுதான் கூட.

அந்த நோட்டில் அவர் தான் படித்த புத்தகங்களிலிருந்து பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதி வைத்தார். அரசியல், சட்டம், வரலாறு எல்லாம் இருக்கிறது. அவற்றோடு ஆங்கிலக் கவிதைகளும் இருக்கின்றன. பைரன், வால்ட் விட்மன், டென்னிசன் இருக்கிறார்கள். எங்க அக்கா டைரியில் இருக்கிற அதே வேர்ட்ஸ்வொர்த்தும் இருக்கிறார்! காலிப் எழுதிய உருதுக் கவிதைகளையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வேறு, உருது வேறு என்ற பிரிவு இல்லை. பிடித்தது எல்லாம் ஒரே நோட்டில்.

1931 மார்ச் 23-ஆம் தேதி அவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த நோட்டு குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 1994-இல்தான் புத்தகமாக அச்சில் வந்தது.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அவருக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. யாரும் மார்க் போடப் போவதில்லை. எழுதாவிட்டால் அடிக்க யாரும் இல்லை. தூக்குக் கயிறு காத்திருக்கும்போது எதற்காக உட்கார்ந்து கவிதையைப் பார்த்து எழுதினார்? விடுதலையைப் பற்றி வேறு நாட்டுக்காரன் பாடியிருந்தாலும் அது தன் மனசில் இருப்பதைச் சொல்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதனால் எழுதினார். எந்த நாட்டுக்காரன் நம்மை ஆண்டானோ அவன் மொழிக் கவிதையை எடுத்துத் தன் விடுதலைக்குத் துணையாக வைத்துக்கொண்டார்.

நேருவையும் இங்கே சொல்ல வேண்டும். 1964 மே 27-இல் அவர் காலமானபோது, அவர் பக்கத்தில் இருந்த தாளில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட்டின் ஒரு கவிதையிலிருந்து கடைசி நாலு வரி அவர் கையாலேயே எழுதி இருந்தது. 1923-இல் வெளியான கவிதை அது. பனி விழும் காட்டோரம் நின்றுவிட்டுத் தன் வழியே போகிற பயணியைப் பற்றியது. ஒரு நாட்டின் பிரதமர் நினைத்தால் யாரையாவது விட்டு டைப் அடிக்கச் சொல்லியிருக்கலாம். அவரே எழுதி வைத்துக்கொண்டார்.

பார்த்து எழுதுவது நம்ம ஊருக்குப் புதுசா?

"பார்த்து எழுதுறது காப்பி அடிக்கிறதுதானே, சொந்தமா எழுது" என்று சிலர் சொல்கிறார்கள். காப்பி அடிப்பது என்றால் அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று காட்டுவது. பாட்டு நோட்டில் நாம் கவிஞர் பெயரைப் போடுகிறோம். அப்புறம் எப்படி அது காப்பி ஆகும்?

பார்த்து எழுதியதால்தான் நம் தமிழே நமக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுதுவார்கள். ஓலை பழசாகும், பூச்சி அரிக்கும். யாராவது அதைப் பார்த்துப் புது ஓலையில் எழுதினால்தான் அந்த நூல் பிழைக்கும். அப்படிப் பிழைத்த ஏடுகளைத் தேடிச் சேர்த்தவர் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர். அவர் நமக்கு வேற்று ஊர்க்காரர் இல்லை. சிறுவயதில் அரியலூர், குன்னம், கார்குடி என்று நம்ம பக்கத்து ஊர்களில் தங்கித் தமிழ் படித்தவர். பெரம்பலூர் பக்கத்திலே இருக்கிற செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்ற பெரியவரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டதை "என் சரித்திரம்" நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

பின்னாளில் அவர் சீவகசிந்தாமணியை அச்சிடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து, 1887-இல் வெளியிட்டார். எதற்கு ஒப்பிட வேண்டும்? பார்த்து எழுதியவர்கள் சிலர் எழுத்தை விட்டிருப்பார்கள், சிலர் மாற்றி எழுதியிருப்பார்கள். ஒருவர் கவனமாக எழுதியது நூறு வருஷம் கழித்து இன்னொருவருக்கு உதவுகிறது. கவனம் இல்லாமல் எழுதியது தொல்லை கொடுக்கிறது. பார்த்து எழுதுவது என்ன லேசான வேலையா?

கேட்கப்படும் கேள்விகளும் என் பதிலும்

"தமிழ்ப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பாட்டு எதுக்கு?" இதற்கு பாரதியாரே பதில். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மீது இருந்த பிரியத்தில் "ஷெல்லிதாசன்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர். அதனால் அவர் தமிழ் குறைந்து போனதா? நோட்டின் ஒரு பக்கம் ஆங்கிலக் கவிதை, எதிர்ப் பக்கம் நமக்குப் பிடித்த தமிழ்க் கவிதை என்று எழுதினால் இன்னும் நல்லது. யார் தடுக்கிறார்கள்?

"எல்லாமே போன்ல இருக்கே, எதுக்குக் கை வலிக்க எழுதணும்?" போனில் எல்லாக் கவிதையும் இருக்கிறது, சரி. ஆனால் அதில் உன் கவிதை எது? ஆயிரம் பாட்டு இருக்கிற இடத்தில் ஒன்றையும் படிக்காமல் விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். ஒரு கவிதையைக் கையால் எழுத கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்துக்கு இது தகுதியா என்று யோசித்துத்தான் எடுப்போம். அப்படி யோசித்துத் தேர்ந்தெடுப்பதுதான் பாட்டு நோட்டின் உயிர். எழுதும்போது கமா எங்கே வருகிறது, வரி ஏன் பாதியில் உடைகிறது, எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது எல்லாம் கண்ணில் படும். ஜெராக்ஸ் எடுத்தால் படாது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பப்ளிக் எக்ஸாம் வருது, பாடத்தைப் படி." வீட்டில் பெரியவர்கள் சொல்வது இது. அவர்கள் கவலை நியாயமானது. வெங்காயக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் வெயிலில் நின்று நம்மைப் படிக்க வைக்கிறார்கள். நான் தினமும் எழுதச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு கவிதை, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். ஒரு வருஷத்தில் ஐம்பது கவிதை ஆகிவிடும். நாம் சீரியலுக்குக் கொடுக்கிற நேரத்தில் இது ஒரு விளம்பர இடைவேளை அளவுதான்!

எப்படி எழுதலாம்?

நோட்டு புதுசாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய டைரி போதும். போன வருஷ நோட்டில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைத் தைத்துக்கொண்டாலும் போதும்.

1. பிடித்ததை மட்டும் எழுதுங்கள். பெரிய கவிஞர் என்பதற்காக எழுத வேண்டாம். நாலு வரிப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

2. கவிஞர் பெயர், எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, எழுதிய தேதி மூன்றையும் கீழே போடுங்கள். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்த்தாத்தா பட்ட பாடு நினைவிருக்கட்டும்.

3. அர்த்தத்தை கைடு பார்த்து எழுதாதீர்கள். அகராதி பார்க்கலாம், ஆசிரியரைக் கேட்கலாம். ஆனால் வரிகள் உங்களுடையதாக இருக்கட்டும். தப்பாக இருந்தால் பென்சிலில்தானே எழுதினோம், அழித்துக்கொள்ளலாம்.

4. எழுதியதை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். ஆடு மாடு மட்டும் கேட்டாலும் பரவாயில்லை. கூச்சம் போகும், நாக்கு திரும்பும்.

5. முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு அட்டவணை போடுங்கள். இது என் யோசனை இல்லை. படித்ததில் பிடித்ததை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பல நூறு வருஷமாக இருந்தது. இங்கிலாந்து தத்துவ அறிஞர் ஜான் லாக் அந்த மாதிரி நோட்டுக்கு இரண்டே பக்கத்தில் எப்படி அட்டவணை போடுவது என்று தனியாக எழுதியே வைத்திருக்கிறார். 1706-இல் அது ஆங்கிலத்தில் வெளியானது.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்

மனப்பாடப் பகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பிக்காத பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் எல்லாரையும் படிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு கவிதையை பத்து தடவை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ஒரே ஒரு தடவை எழுதி, அதன் அர்த்தத்தைச் சொந்தத் தமிழில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பத்து தடவையை மூன்று பேனா கட்டி ஏமாற்றிவிடலாம். சொந்த நாலு வரியை எந்த ரப்பர் பேண்டு போட்டும் எழுத முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பாட்டு நோட்டைத் தயவுசெய்து கட்டாயம் ஆக்கிவிடாதீர்கள். ரெக்கார்டு நோட் மாதிரி அதற்கும் கையெழுத்து, அதற்கும் மார்க், அதற்கும் கடைசித் தேதி என்று வந்துவிட்டால் அதுவும் இன்னொரு இம்போசிஷன் ஆகிவிடும். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து அடுத்தவர் நோட்டைப் பார்த்து ஐம்பது கவிதையையும் எழுதிவிடுவார்கள். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா!

அதற்குப் பதிலாக இரண்டு சின்ன உதவி செய்யலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் கொடுத்தால், விருப்பம் உள்ளவர்கள் தாங்கள் எழுதிய ஒரு கவிதையைப் படித்துக் காட்டி, ஏன் பிடித்தது என்று தமிழிலேயே சொல்லலாம். உச்சரிப்பு தப்பாக இருந்தால் யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தால், பன்னிரண்டாவது முடித்துப் போகிறவர்கள் விரும்பினால் தங்கள் நோட்டை அங்கே விட்டுப் போகலாம். இப்போது அவையெல்லாம் எங்கே போகின்றன? கைடோடு சேர்த்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குத்தான் போகின்றன. நமக்கு அடுத்து வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, தன்னை மாதிரியே ஒரு அக்காவோ அண்ணனோ பென்சிலில் எழுதிய அர்த்தம் கிடைத்தால் எவ்வளவு தைரியம் வரும்!

நண்பர்களே, அடுத்த இதழில் "நான் எழுதிய பாட்டு" என்று ஒரு மூலை ஒதுக்கித் தருவதாக இதழ்க் குழுவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கவிதையும் உங்கள் சொந்தத் தமிழ் அர்த்தமும் அரைத்தாளில் எழுதி 11-ஆம் வகுப்பு அறையில் இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்கள். கைடு அர்த்தம் வந்தால் கண்டுபிடித்துவிடுவோம், ஜாக்கிரதை! முதல் தாளாக, ஆவாரம்பூ பக்கத்தைத் தருவதற்கு எங்க அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மற்றதெல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும்.



— பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி